ஒக்ஸ்போட்டின் ஆராய்ச்சியாண்டு: ஒரு மதிப்பீடு

இரசாயனவியலிற் சிறப்புப் பட்டம் பெற விழையும் மாணவன், பட்டம் பெறுமுன்னரே ஆராய்ச்சியில் இறங்குதல் தகுமா என்பது கல்வியாளரிடையே நெடுநாளாக நிலவும் வினாவாகும். கற்கவேண்டியவற்றையே முற்றக் கல்லாதவன் புதியதொன்றை எங்ஙனம் காண்பான் என்பர் ஒரு சாரார். அவர் கூற்றை எளிதிற் புறந்தள்ளுதல் இயலாது. எனினும், ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் நூறாண்டுக்கு மேலாக நடத்திவரும் ஏற்பாட்டை நோக்கியபின்னரே இதுபற்றி ஒரு முடிவுக்கு வருதல் முறை.

அங்கே இரசாயனவியல் பயில்வோர் மூன்றாண்டு பாடங்கற்றுப் பரீட்சை எழுதியபின், நான்காம் ஆண்டு முழுவதையும் ஆய்வுகூடத்திற் கழிக்கின்றனர். ‘இரண்டாம் பகுதி’ என்பது அவ்வாண்டிற்குப் பெயர். இக்காலத்தில் அது 38 வாரம் நீளும். முடிவில் ஆய்வேடும் வாய்மொழிப் பரீட்சையும் உண்டு. இதனை 1916 இல், முதலாம் உலகப்போரின் நடுவே, புகுத்தியவர் பேராசிரியர் வில்லியம் ஹென்றி பேர்க்கின். அவர் தந்தையார் பெயரும் அதுவே. அத்தந்தையார் 1856 இல், 18 வயது மாணவராயிருந்தபோது, மலேரியாவுக்கு மருந்தாகிய குவினைனைச் செயற்கையாக ஆக்க முயன்று தோற்றார். குடுவையில் எஞ்சிய கரிய படிவிலிருந்து அவருக்குக் கிட்டியது ஊதாச் சாயம். மாணவனொருவன் தோல்வியாற் சாயத்தொழில் புதுவழி கண்ட வரலாற்றைத் தம் வீட்டிலேயே கேட்டு வளர்ந்த மைந்தர், மாணவருக்கென்று ஓர் ஆராய்ச்சியாண்டை ஒதுக்கியது வியப்பன்று.

இவ்வாண்டின் பெருமை பேசுவோர் முதலிற் கூறுவது டொரதி ஹொட்ஜ்கின் அம்மையாரின் பெயரையே. 1931-32 இல் அவர் பவல் என்னும் ஆசிரியரின்கீழ்த் தாலியம் சேர்ந்த சில சேர்வைகளின் பளிங்குகளை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தார். அவர் வாழ்நாள் முழுவதும் கைக்கொண்ட முறையை அவ்வாண்டிலேயே கற்றார். பின்னாளில் அம்முறையாற் பெனிசிலின், விற்றமின் பீ 12 ஆகியவற்றின் அமைப்பைக் கண்டு, 1964 இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வளவில் நின்றால் ஏற்பாடு குறையற்றதென்றே தோன்றும்.

ஆனால், அதே அம்மையாரின் ஆய்வுகூடத்தில் 1946-47 இல் தம் ஆராய்ச்சியாண்டைக் கழித்த மற்றொரு மாணவியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பின்னாளிற் பிரித்தானியப் பிரதமராகிய மார்கிரட் தட்சரே அவர். அவருக்கு வாய்த்த பொருள் கிராமிசிடின் எஸ் என்னும் கிருமிகொல்லி. 1942 இற் சோவியத் நாட்டிற் கண்டெடுக்கப்பட்டது. இவ்விருவர்க்கும் வாய்த்த பொருள்களை அருகருகே வைத்து நோக்குக. தாலியத்தின் அணுவெண் 81. அத்தகைய பார அணுக்கள் எக்ஸ் கதிரை வன்மையாகச் சிதறச்செய்வன. ஆதலின் படத்தில் விழும் புள்ளிகளைக்கொண்டு அவற்றின் இடத்தை முதலில் அறிந்து, ஏனையவற்றை அதன்வழித் தேடலாம். கிராமிசிடின் எஸ்ஸோ பத்து அமினோ அமிலங்கள் வளையமாக இணைந்தது. அம்மூலக்கூறில் இலேசான அணுக்களேயன்றி வேறில்லை. கணிப்பொறியின் துணையும் அன்று இல்லை. அதன் பளிங்கமைப்புத் துலங்கியது 1978 இலேதான். முப்பதாண்டு காத்திருந்த புதிரை ஓராண்டில் அவிழ்க்குமாறு ஒரு மாணவியிடம் யார்தான் எதிர்பார்க்க முடியும்? தட்சர் இரண்டாம் வகுப்பிற் சித்தியெய்தினார். அதற்கு இவ்வாய்வே காரணமென்று கூற யான் வரவில்லை. ஒரே பரீட்சைக்குத் தோற்றும் இருவரில் ஒருவர் கையில் தாலியமும் மற்றவர் கையில் கிராமிசிடினும் இருக்கக்கூடும் என்பதே என் கூற்று.

எழுத்துப் பரீட்சையில் எல்லார்க்கும் ஒரே வினாத்தாள். ஆராய்ச்சியாண்டிலோ ஆளுக்கொரு வினா. அதுவும் மாணவன் தெரிந்தெடுத்ததன்று, பெரும்பாலும் ஆசிரியர் தம் வேலையிலிருந்து கிள்ளிக்கொடுத்தது. உயிரிரசாயனவியலில் இவ்விடர் இன்னும் மிகும். வெப்பம் சிறிது ஏறினும் செயலிழக்கும் நொதியத்தோடு மாதக்கணக்கிற் போராடியவனுக்கு, எழுதுவதற்கு ஒரு வரைபுதானும் இல்லாது போதல் கூடும். வகுப்பைப் பெறுபேறுகொண்டு தீர்ப்பதாயின், அவன் செய்வது யாது? ஒவ்வாத எண்ணை ஒதுக்கிவிட்டு ஒத்த எண்ணை எழுதுவான். பாடசாலை ஆய்வுகூடத்தில், அளவியைப் பாராமலே, “எவ்வளவு வரவேண்டும், சேர்?” என்று கேட்கும் மாணவனை நம் விஞ்ஞான ஆசிரியர் யாவரும் அறிவர். அவனே வளர்ந்து ஆய்வேடும் எழுதுகிறான்.

இவ்வளவு குறை கண்டும் இவ்வாண்டை நீக்கவேண்டுமென்று யான் கருதவில்லை. யான் வெளிவாரியாகக் கலைப் பட்டம் பெற்றவன். பகலிற் கற்பித்து இரவிற் கற்றவன். என் பரீட்சைகளில் வந்த வினாக்களுள் பரீட்சகர்க்கு விடை தெரியாத வினா ஒன்றேனும் இருந்ததில்லை. அத்தகைய வினாவொன்றோடு ஓராண்டு வாழும் பேறு எத்துணைப் பெரிது என்பதை, அதனை இழந்தவனே நன்கறிவான் போலும். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் சிறப்புப் பட்ட மாணவர் இறுதியாண்டில் ஆய்வொன்று செய்கின்றனர். அவர்தம் வாய்மொழிப் பரீட்சையில் ஆய்வேட்டோடு ஆய்வுகூடக் குறிப்பேட்டையும் மேசைமேல் வைத்து, நடவாத சோதனைகள் எவை, அவை ஏன் நடவாதனவெனக் கருதினாய், அடுத்து என் செய்தாய் என்று வினவுதல் வேண்டும். புள்ளியிற் பெரும்பங்கு அவ்விடைகளுக்கே செல்லல் வேண்டும். இதற்குப் பரீட்சகர்க்கு மிகுந்த நேரம் பிடிக்கும். மாணவர் தொகை கூடிய துறைகளில் அந்நேரத்தை எங்கிருந்து பெறுவது என்பதைத் துறைத்தலைவர்களே சொல்லவேண்டும்.