பழைய படகும் புதிய ரெசினும்

ஜொகூர் மாநிலத்தின் மேற்குக் கரையில் மூவார், பத்து பகாட், குக்குப் ஆகிய ஊர்களிலும், கிழக்கே தென்சீனக் கடலைப் பார்த்திருக்கும் மெர்சிங், எண்டாவ் துறைகளிலும், உழைத்து ஓய்ந்த சிறு படகொன்றைச் சகாய விலைக்கு வாங்கி, வீட்டோரம் தகரக் கொட்டகையின் கீழ் ஏற்றிவைத்து, விடுமுறை நாட்களில் தம் கையாலேயே அதைப் புதுப்பிக்க முற்படும் அன்பர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும், அவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கேட்கும் முதற் கேள்வி எந்த ரெசின் உயர்ந்தது, அதன் விலை என்ன என்பதாக இருக்கிறதேயன்றி, தம் படகு எதனால் ஆனது, அதன் உடலில் எவ்வளவு ஈரம் தங்கியிருக்கிறது, எந்தப் பரப்பின்மேல் இந்த ரெசின் பிடித்து நிற்க வேண்டும் என்பனவாக இருப்பதில்லை. ரெசினைத் தனியே நிறுத்தி அதன் பலத்தை மட்டும் அளக்கும் இந்த வழக்கமே பிற்பாடு நேரும் பல அனர்த்தங்களுக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

மலிவானதும் எங்கும் கிடைப்பதுமான பாலியெஸ்டர் ரெசினை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ரே கிரீன் என்பவர் 1942-இல் கண்ணாடியிழையும் பாலியெஸ்டரும் சேர்த்துச் சிறு பாய்மரப் படகு ஒன்றைச் செய்த காலந்தொட்டு, சிறு படகுகளின் உலகத்தை ஆண்டுவருவது இதுதான். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர்த் தமிழகக் கரையெங்கும் கட்டுமரத்தைப் பின்தள்ளிப் பரவிய ஃபைபர் படகுகளும் இதனால் ஆனவையே. அச்சில் வார்த்து எடுக்கும் தொழிலுக்கு இதைப்போல் இணக்கமானது வேறில்லை. நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கேட்டலிஸ்ட் சேர்த்தால் இறுகிவிடும். வெயில் கூடினால் சற்றுக் குறைத்தும், மழைக்குளிரில் சற்றுக் கூட்டியும் சமாளிக்கலாம். ஃபைபர் படகின் மேல்தட்டிலோ பக்கத்திலோ ஏற்பட்ட சிறு காயத்தை ஆற்றுவதற்கு, பழைய பரப்பை உப்புத்தாளால் நன்கு சொரசொரப்பாக்கி, சிதைந்த இடத்தைச் சுற்றிலும் அகலமாகச் சரிவு செய்துகொண்டால், இதுவே போதும். இங்கே இரண்டு மடங்குக்குக் குறையாத விலை கொடுத்து எப்பாக்சி என்னும் மற்றொரு ரெசினை வாங்குவது வீண் ஆடம்பரம் என்று சொல்லவும் நான் தயங்கமாட்டேன்.

தீங்கு விளைவது, அதே பாலியெஸ்டரைப் பழைய மரப்படகின்மேல் கண்ணாடியிழையோடு போர்த்தும்போது. இந்தப் போர்வையில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உப்புநீரில் பலகையைத் துளைத்து உள்ளே குடியேறும் கப்பற்புழுவுக்கு அது சிறந்த தடை. கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம், ஜொகூர்த் தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு நன்கு பழக்கமான ரப்பர் மரத்தையே எடுத்துத் தோணி செய்து கண்ணாடியிழைப் போர்வையிட்டுப் பரிசோதித்திருக்கிறது. ஆனால் அது புது மரம். போர்வைக்கென்றே ஆயத்தம் செய்யப்பட்ட மரம். மலாய்க் கரையின் பழம்படகோ வேறு ஜாதி. கனமீட்டருக்குத் தொள்ளாயிரம் கிலோவுக்கு மேல் நிறைகொண்ட செங்ஙால் மரப் பலகைகளை ஆணியாலும் மர முளையாலும் இணைத்து, இடைவெளிகளில் பட்டையோ நாரோ திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் குழைத்துப் பூசிக் கலப்பற்றுச் செய்த அப்படகில், ஒவ்வொரு பலகையும் நனையும்போது பருத்தும் உலரும்போது சுருங்கியும் வாழ்வதையே சுபாவமாகக் கொண்டது. பழைய குங்கிலியப் பூச்சு அந்த அசைவுக்கு இடங்கொடுத்து உடன் நெகிழ்ந்தது. பாலியெஸ்டரோ இறுகும்போதே கனஅளவில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் சுருங்கி, மரத்தின் மீது கொண்ட பிடியை ஆரம்பத்திலேயே தளர்த்தி, விறைத்து நின்றுவிடுகிறது. சில பருவங்களுக்குள் பலகைக்கும் போர்வைக்கும் இடையே மயிரிழை விரிசல் பிறக்கிறது. அதற்குள் கடல்நீர் புகுவதைக் காட்டிலும் மேலிருந்து மழைநீர் இறங்குவதே அதிக ஆபத்து. உப்பு ஓரளவு தடுத்து வைக்கும் மரம்தின்னிப் பூஞ்சைக்கு நல்ல நீர் விருந்தாகிவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும் மெர்சிங் கரையில், வெளிப்பார்வைக்கு வழவழவென்று மின்னும் படகின் விலாக்கட்டைகள் உள்ளே தூளாகிக்கொண்டிருப்பதை, விரலால் தட்டிக் கேட்டாலன்றி அறிய முடியாது.

ஆகவே, உடல் திடமாயிருக்கும் பலகைப் படகுக்கு எந்த ரெசினும் வேண்டாம், ஆணிகளை மாற்றி, கெட்ட பலகையைப் பெயர்த்து, புதிதாகக் கலப்பற்றுச் செய்வதே உத்தமம் என்று நான் கருதுகிறேன். இதைக் கேட்டுப் பலர் முகம் சுளிப்பர். ரெசின் விற்பவர் நிச்சயம் சுளிப்பார்.

ஒட்டுப்பலகைப் படகின் கதை வேறு. ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஒட்டிய ஏடுகளாலானது ஆதலின் அது அதிகம் அசைவதில்லை. எப்பாக்சியின் மகிமை வெளிப்படும் இடமும் அதுவே. மிச்சிகன் மாநிலத்துக் கூஜன் சகோதரர்கள் 1969-இல் தொடங்கிப் பரப்பிய முறை, மரத்தின் எல்லாப் பக்கங்களையும் எப்பாக்சியால் மூடி, ஈரத்தின் போக்குவரவைக் கட்டுப்படுத்தி, மரத்தைத் தன் நிலையில் ஸ்திரப்படுத்துவதாகும். சுருக்கம் மிகக் குறைவு, பிடிப்பு மிக அதிகம், பாலியெஸ்டரில் வீசும் ஸ்டைரின் நெடியும் இல்லை. வெளியிணைப்பு எஞ்சின் தொங்கும் பின்பலகையின் உள்ளே மரம் இற்றுப்போன ஃபைபர் படகுக்கும் இதையே சிபாரிசு செய்வேன். உயிரைத் தாங்கும் இணைப்பில் சிக்கனம் பார்ப்பது விவேகமன்று.

ஆனால் எப்பாக்சியைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டாரால் எழுதப்பட்டவை. அவற்றை ஜொகூரில் அப்படியே அனுசரிப்பது சிரமம். ஒட்டும் மரத்தின் ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்குள் இருப்பது நலம் என்பார்கள். நம் காற்றில் நிழலில் உலர்த்திய மரம் பதினைந்தை ஒட்டியே நின்றுவிடுகிறது. டப்பாவில் அச்சிட்ட கால அளவு பெரும்பாலும் 25 டிகிரி செல்ஷியஸுக்கு உரியது. உஷ்ணம் பத்து டிகிரி ஏறும்போது இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பதால், 33 டிகிரி நண்பகலில் கிண்ணத்திலேயே அது புகைந்து கட்டியாவதில் வியப்பில்லை. அகலத் தட்டில் மெல்லிதாகப் பரப்பி வைப்பதும், எப்பாக்சியை இறுகவைக்கும் இரண்டாம் பாகமான ஹார்டனரில் வெப்பநாட்டுக்கென்று விற்கும் மெதுவான வகையைக் கொள்வதும் இதற்குப் பரிகாரங்கள். இதிலும் நுட்பமான சங்கடம் ஒன்று உண்டு. காலையில் பூசினால், வெயிலேற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழியிடும். ஆகவே மரம் குளிரத் தொடங்கும் பிற்பகலில் பூசுவது நன்று, அப்போது சுருங்கும் காற்று ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பூச்சு இறுகுவதற்குள் இரவு வந்துவிடுகிறது. ஈரக்காற்று ஹார்டனரோடு சேர்ந்து மேலே எண்ணெய்ப் பிசுக்கு போன்ற படலத்தை உண்டாக்குகிறது. மறுநாள் அதை உப்புத்தாளால் தேய்ப்பவர் பிசுக்கைப் பரப்புகிறாரேயன்றி நீக்குவதில்லை. வெறும் நீரும் சொரசொரத் துணியுமே அதற்கு மருந்து. வேலை முடிந்தபின்னரும் வெயில் விடுவதில்லை: அறையுஷ்ணத்தில் இறுகிய எப்பாக்சி ஐம்பது அறுபது டிகிரியில் நெகிழத் தொடங்கும், கருநிற மேல்தட்டோ உச்சிவெயிலில் அந்த அளவை எளிதில் எட்டும், சூரிய ஒளியோ மூடாத பூச்சைச் சிதைக்கும். ஆதலால் வெள்ளை வர்ணம் அலங்காரத்துக்காக அன்று, அவசியத்துக்காக.

பாலியெஸ்டரில் பழகிய கையே எப்பாக்சிக்குப் பெரிய விரோதி. சீக்கிரம் இறுகட்டும் என்று கேட்டலிஸ்டைச் சற்றுக் கூட்டிப் பழகியவர், ஹார்டனரையும் அவ்வாறே கூட்டுகிறார். எப்பாக்சியின் இரு பாகங்களும் ஒன்றோடொன்று கணக்காகச் சேர்ந்து ஒரே பொருளாக வேண்டியவை. கூடினாலும் குறைந்தாலும் மிஞ்சிய பாகம் சேராமல் நின்று, என்றைக்கும் இறுகாத மென்மையைத் தந்துவிடும். நிறுவைத் தராசு வாங்க மனமில்லாதவர் எப்பாக்சியைத் தொடாதிருப்பதே நன்மை. எப்பாக்சியின்மேல் பாலியெஸ்டரைப் பூச முனைவதும் இத்தகைய பிழையே. கீழுள்ள எப்பாக்சியின் ஹார்டனரிலிருக்கும் அமீன் மேலுள்ள பாலியெஸ்டரை இறுகவிடாமல் தடுப்பதுண்டு. பாலியெஸ்டருக்கென்று செய்த கண்ணாடி வெட்டிழைப் பாயில் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை பல சமயம் ஸ்டைரினில் மட்டுமே கரையும் என்பதால், அதை எப்பாக்சியில் தோய்த்தால் இழை படிய மறுக்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் வைனைல் எஸ்டர் ரெசின், நீரை எதிர்ப்பதிலும் வெதுவெதுப்பான கடலில் ஃபைபர் படகின் அடியில் தோன்றும் கொப்புளங்களைத் தடுப்பதிலும் பாலியெஸ்டரை விஞ்சுகிறது. எனினும் வைப்புக்காலம் குறைவானதால், வெப்பமான கடைப் பரணில் எத்தனை மாதம் கிடந்தது என்று அறியாமல் வாங்குவதற்கில்லை.

வீடு என்பது பட்டறையன்று என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். வரிசை வீடுகள் நெருங்கிய தாமான் குடியிருப்பில் பாலியெஸ்டரின் ஸ்டைரின் நெடி அடுத்த வீட்டுக் குழந்தையின் அறைக்குள்ளும் புகும். நெடியற்ற எப்பாக்சியோ கையுறையின்றித் தொட்டவரின் தோலில் ஒவ்வாமையை விதைத்து, பின்பு சிறு துளியையும் பொறுக்காதபடி செய்துவிடும். பாலியெஸ்டரின் கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே சேதம். அதை, ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் முடுக்கியோடு நேரே கலந்தால் தீயும் வெடிப்பும் நேரும். தூரிகை கழுவி மிஞ்சிய அசிட்டோனைக் கால்வாயில் ஊற்றிவிடலாம் என்று நினைப்பவருக்கு, 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு ஓடியதும், 111 பள்ளிகள் மூடப்பட்டதும் நினைவிருக்கவேண்டும். அங்கே கொட்டப்பட்ட அளவு வேறு, கொட்டகையில் மிஞ்சுவது வேறு. ஆனாலும் மிஞ்சிய கலவையைச் சிறிது சிறிதாகப் பரப்பி முற்றும் இறுகவிட்டுத் திடப்பொருளாகக் கழிப்பதும், அசிட்டோனை மூடிய தகர டப்பாவில் தெளியவைத்து மறுபடி தூரிகை கழுவப் பயன்படுத்துவதும், கடைசியில் எஞ்சுவதை உரிமம் பெற்ற கழிவு ஒப்பந்ததாரரிடம் சேர்ப்பிப்பதும் ரெசின் வாங்கும் அன்றே திட்டத்திலும் செலவிலும் இடம்பெற வேண்டியவை.