டாலிஷிலிருந்து பாத் நகரத்துக்கு இரண்டு நாள்

சர் தாமஸுக்குக் கை முறிகிறது. மறுநாளே மற்ற ஆண்களோடு சேர்ந்து குதிரை லாயம் வரை நடந்து போகிறார். 1814இல் இங்கிலாந்தில் ஓர் இளம்பெண் தன் முதல் காதல் நாவலில் இப்படி எழுதியிருந்தாள். அந்த நாவல் இன்று இல்லை. ஆனாலும் சர் தாமஸ் லாயத்துக்குப் போனது நமக்குத் தெரிகிறது. அந்த இடத்தை அடித்துவிட்டேன் என்று அவளுடைய அத்தை கடிதம் போட்டதுதான் காரணம். அத்தையின் பெயர் ஜேன் ஆஸ்டின்.

எழுதியவள் அன்னா, ஜேனின் மூத்த அண்ணன் ஜேம்ஸின் மகள். அப்போது வயது 21. பென் லெஃப்ராய்க்கு நிச்சயமாகியிருந்தாள். அவள் இருந்தது ஸ்டீவன்டன் பாதிரியார் இல்லம். ஜேன் பிறந்ததும், தன் முதல் நாவல்களை எழுதிப் பார்த்ததும் அதே வீட்டில்தான். இரண்டு வயதில் தாயை இழந்த அன்னாவைத் தேற்றுவதற்காக அங்கே தாத்தா பாட்டியிடம் கொண்டுவந்து விட்டார்கள். அந்த நாட்களைப் பற்றிக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. பிற்பாடு 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஆன கதையை ஜேன் தன் அக்காள் கசாண்ட்ராவுக்கு வாசித்துக் காட்டும்போது குழந்தையும் கூடவே இருக்கும். பாத்திரங்களின் பெயர்களைப் பிடித்துக்கொண்டு கீழே போய்ச் சொல்லிச் சொல்லித் திரியும். பெரியவர்களுக்கு அதுவரை ரகசியமாக இருந்த கதை என்பதால், குழந்தையின் வாயை அடக்கவேண்டி வந்ததாம்.

அந்தக் குழந்தை வளர்ந்து, தானே ஒரு கதை எழுதி, சின்னச் சின்ன நோட்டுகளாகச் சாட்டன் கிராமத்துக்கு அனுப்புகிறது. அங்கே பாட்டியையும் கசாண்ட்ரா அத்தையையும் உட்கார வைத்து ஜேன் உரக்க வாசிக்கிறார். ஒருமுறை இரவில், படுக்கப் போகுமுன் உடை மாற்றிக்கொண்டே அக்காளுக்கு வாசித்ததாகவும் எழுதுகிறார். அவர் 'எம்மா'வை எழுதிக்கொண்டிருந்த ஆண்டு அது. அதற்கு நடுவே அண்ணன் மகளின் நோட்டுகளை எடுத்துவைத்து வரிவரியாகப் பார்த்திருக்கிறார். 1814 ஆகஸ்ட், செப்டம்பர் கடிதங்களில் அந்த அடித்தல் திருத்தல்களின் விவரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் நாவல் எழுதுவது பற்றி இவ்வளவு பேச்சு நடையாக, இவ்வளவு கறாராக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

முதலில் அந்தக் கையையே எடுத்துக்கொள்வோம். அன்னா அதைக் கற்பனை செய்யவில்லை. அவள் அப்பாவே கை முறிந்து, கட்டுப் போட்டவுடன் எழுந்து வெளியே நடந்திருக்கிறார். வீட்டில் நடந்ததை எழுதினாள் பெண். அத்தைக்கும் அது தெரியும், கடிதத்திலேயே ஒப்புக்கொள்கிறார். இருந்தும், வழக்கத்தில் இல்லாத காரியமானதால் புத்தகத்தில் வரும்போது பொய்யாகத்தான் தோன்றும் என்று அடித்துவிடுகிறார். முதல் நாவல்காரரிடம் ஒரு குறையைச் சொன்னால் 'நிஜமாகவே நடந்ததுங்க' என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் புறப்படுவதற்கு முன்பே அத்தை அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். அதுவும் எப்படி? 'உன் அப்பா நடந்தார், தெரியும்' என்று குடும்பத்துக்குள்ளேயே சாட்சி சொல்லிவிட்டு! அண்ணனை லேசாகக் கிண்டல் செய்தது போலவும் ஆயிற்று.

அடுத்து ஊர்க்கணக்கு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கதையில் டாலிஷ் என்ற கடலோர ஊர் வருகிறது. அங்கே இருப்பவர்கள் லைம் நகரத்தைப் பற்றிப் பேசுவதாக அன்னா எழுதியிருக்கிறாள். கூடாது என்கிறார் ஜேன். நாற்பது மைலுக்கு அப்பால் உள்ள ஊரைப் பற்றி டாலிஷில் பேச்சே வராது. பக்கத்திலுள்ள ஸ்டார்கிராஸ் என்று மாற்றியிருக்கிறேன், எக்ஸெட்டர் என்று போட்டாலும் பழுதில்லை என்கிறார். இன்னோர் இடத்தில் டாலிஷிலிருந்து பாத் நகரத்துக்கு ஆட்கள் வேகமாக வந்து சேர்ந்துவிடுகிறார்கள். நூறு மைல், இரண்டு நாளாகும் என்று வண்டியைப் பிடித்து நிறுத்துகிறார். சென்னையிலிருந்து விழுப்புரத்துக்குக் குதிரை வண்டியில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் டாலிஷ் வாசகசாலை எவ்வளவு பரிதாபமாக இருந்தது என்பதுகூட அவருக்கு மறக்கவில்லை.

காதல் கதைக்கு எதற்கு மைல் கணக்கு என்று தோன்றலாம். 'பெர்சுவேஷன்' நாவலைத் திறந்து பாருங்கள். இந்தக் கடிதங்களுக்கு அடுத்த ஆண்டு தொடங்கியது. அதில் இளைஞர் கூட்டம் ஒன்று அதே லைம் நகரத்துக்குக் கிளம்புகிறது. தூரம் பதினேழு மைல். ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்பது முதல் யோசனை. குதிரைகளை நினைத்துப் பெரியவர் ஒருவர் சம்மதிக்கவில்லை. நவம்பர் மாதப் பகலும் சிறியது. ஆகவே ராத்தங்கல். ராத் தங்கியதால்தான் காலை உணவுக்கு முன் கடற்கரைப் பக்கம் ஒரு நடை. அங்கே கடல்காற்றில் முகம் மலர்ந்து நிற்கும் ஆன் எலியட்டை, படிக்கட்டில் எதிர்ப்பட்ட யாரோ ஒருவர் வியந்து பார்க்கிறார். அவர் பார்ப்பதைக் கேப்டன் வென்ட்வொர்த் பார்க்கிறார். எட்டு ஆண்டுகளுக்கு முன் தன்னை மறுத்த பெண்ணின் மீது அவருடைய கண் மறுபடி ஒருமுறை போய் நிற்கிறது. பதினேழு மைல் ஏழு மைலாக இருந்திருந்தால் எல்லாரும் அன்று மாலையே வீடு திரும்பியிருப்பார்கள்; அந்தப் பார்வைக்கு இடமே இருந்திருக்காது. அன்னாவின் வண்டியை இரண்டு நாள் ஓடவைத்த கைதான் இதையும் எழுதியது.

சேறு விஷயம் இன்னும் சுவை. அன்னாவின் கதையில் பெரிய மழை பெய்து ஓய்ந்தவுடன் சூசன் சகதியில் நெடுந்தூரம் நடக்கிறாள். பெற்றவள் இதற்கு விடுவாளா என்று கேட்கிறார் அத்தை. கேட்பவர் யார்? 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் எலிசபெத் பென்னட்டை மூன்று மைல் சேற்றில் நடக்கவிட்டு, பாவாடை விளிம்பெல்லாம் மண்ணாக நெதர்ஃபீல்ட் மாளிகைக்குள் அனுப்பியவர்! ஆனால் அங்கே அம்மாவே முதலில் சேற்றைச் சொல்லித் தடுக்கிறாள்; போய்ச் சேர்ந்ததும் மாளிகைப் பெண்கள் அந்தச் சேற்றை வைத்தே அவளை வறுத்து எடுக்கிறார்கள்; நடந்ததால் பளிச்சிட்ட அவள் கண்ணை நாயகன் டார்ஸி கவனிக்கிறார். சேறு பட்டதும் எல்லாருக்கும் ஒரு குணம் வெளியே வருகிறது. அன்னாவின் கதையிலோ கவலைக்காரத் தாய் என்று சொல்லப்பட்டவள் கண்டுகொள்ளாமல் இருக்கிறாள். அத்தையின் ஆட்சேபம் சேற்றின் மேல் இல்லை, அந்தத் தாயின் மேல்தான். அதே தாய், வயது வரும் இரண்டு பெண்களோடு, அவ்வளவு நல்ல பெயரில்லாத ஒரே ஒரு ஆண்பிள்ளையைத் தவிர வேறு யாரையும் தெரியாத ஊருக்குக் குடிபோகவும் மாட்டாள் என்கிறார். அக்கம்பக்கத்தில் அவளுக்கு ஒரு சிநேகிதியை வைத்துக் கொடு என்று வழியும் சொல்கிறார்.

யாரை யாருக்கு அறிமுகம் செய்வது, கிராமத்து வைத்தியரைப் பிரபுக்களுக்கு முன் நிறுத்தலாமா என்பது போன்ற திருத்தங்கள் அந்தக் காலத்து மரியாதைக் கணக்கு. நமக்கு அவ்வளவு ஒட்டாது. அயர்லாந்துக்குப் பாத்திரங்கள் போகட்டும், அங்குள்ள நடைமுறை தெரியாத நீ கூடப் போகாதே என்றது மட்டும் ஒட்டுகிறது. கண்ணால் காணாத வெளிநாட்டுக்குக் காதல் ஜோடியை அனுப்பிவைக்கிற நம் தொடர்கதைகளை நினைத்துக்கொண்டேன்.

ஓரிடத்தில் மட்டும் அவர் குரல் உயர்கிறது. டெவரோ ஃபாரஸ்டர் என்ற இளைஞன் கேளிக்கைச் சுழலில் விழுந்தான் என்று அன்னா எழுதிவிட்டாள். விழட்டும், அதில் ஆட்சேபமில்லை. அந்தச் சொற்றொடரைத்தான் பொறுக்க முடியவில்லை என்கிறார். ஆதாம் திறந்த முதல் நாவலிலேயே அது இருந்திருக்கும், அவ்வளவு பழசு என்று கேலி. இன்னொரு கண்டிப்பு சன்னமானது. லேடி ஹெலனாவின் கடிதத்துக்குக் கீழே வரும் பின்குறிப்பை எடுத்துவிடச் சொல்கிறார். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' படித்தவர்களுக்கு அதன் சாயலாகத் தெரியுமாம். தன்னைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்பதை இதைவிடக் கூச்சப்படுத்தாமல் ஒரு பெண்ணுக்கு எப்படிச் சொல்வது?

வெறும் அடித்தல்தான் என்று நினைக்கவேண்டாம். மூன்று நான்கு குடும்பங்களை ஒரு கிராமத்தில் கொண்டுவந்து கூட்டுகிறாளே, அதைப் பார்த்துக் குதூகலிக்கிறார். நியூட்டன் பிரையர்ஸ் என்று அவள் வைத்த இடப்பெயரைக் கேட்டால் மில்டன்கூடப் பொறாமைப்பட்டிருப்பார் என்கிற அளவுக்குப் புகழ்கிறார். கதை அங்குமிங்கும் அலைகிறதே என்று கசாண்ட்ரா அத்தைக்குக் குறை. எனக்கு அவ்வளவு கறார் இல்லை, இயல்பும் துடிப்பும் இருந்தால் அலைகிற கதைக்கும் மன்னிப்புண்டு என்று ஜேன் தட்டிக் கொடுக்கிறார்.

இவற்றின் உச்சம் செயின்ட் ஜூலியன் விவகாரம். அவன் முன்பு ஒரு பெண்ணின் அத்தையைக் காதலித்தவன் என்று கதையில் திடீரென்று தெரியவருகிறது. இது உனக்கே சமீபத்தில்தான் தெரிந்திருக்கும் போல என்று ஒரு குத்து. எழுதுகிறவர்கள் யாரும் இந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது. பிறகு, அத்தைமார் மேலுள்ள மரியாதையால்தான் அண்ணன் மகள்களைக் கட்டுகிறார்கள், உன் பென்னும் ஒருகாலத்தில் என்னைத்தான் காதலித்திருப்பான், நான் ஸ்கார்லெட் காய்ச்சலில் செத்துவிட்டதாக நினைத்துத்தான் உன்னிடம் வந்தான் என்று அளக்கிறார். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணிடம் 38 வயது அத்தை பேசுகிற பேச்சு இது.

அந்த நவம்பரில் கல்யாணம் ஆயிற்று. 1817இல் ஜேன் இறந்தார். கதையைத் தொடர அன்னாவுக்கு மனம் வரவில்லை. பிறகு ஒருநாள் எடுத்து நெருப்பில் போட்டுவிட்டாள். கருகும் தாளில் ஓடிய பொறிகளை வேடிக்கை பார்த்ததாக மகள் நினைவுகூர்ந்திருக்கிறாள். ஆனால் எழுத்தை அன்னா ஒரேயடியாக விடவில்லை. சிறுகதை ஒன்று எழுதினாள், குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதினாள், அத்தை பாதியில் விட்ட 'சாண்டிட்டன்' நாவலைத் தொடர்ந்து பார்த்து அதையும் பாதியில் விட்டாள்.

கடிதங்களில் அத்தைக்கே விடை தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. எகர்ட்டன் என்ற பாத்திரம் நல்லவன், ஆனால் அவன்மேல் ஆர்வம் எழவில்லை. இதற்கு என்ன செய்யலாம்? உடன்பிறந்தார் கஷ்டத்தைத் தீர்க்கத் தன் வேலையை விற்கட்டுமா? மர்மமாகக் காணாமல் போய், யார்க்கிலோ எடின்பரோவிலோ பழைய மேல்கோட்டோடு தட்டுப்படட்டுமா? கைப்பணத்தையெல்லாம் கேப்டன் மாரிஸுக்குக் கடன் கொடுக்கட்டுமா? கொடுத்தால் முட்டாளாகிவிடுவானே! சாதுவான ஒரு ஆண்பிள்ளையைக் காதலிக்கத் தக்கவனாக்க முடியாமல், 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்'கை அந்த மே மாதம்தான் அச்சில் கண்ட கை, தாளில் இப்படி மூன்று நான்கு யோசனைகளைப் போட்டுப் போட்டுத் தள்ளுகிறது.