உழக்குக்குள் அடங்கும் மணம்

உளுந்தூர்பேட்டைக் கடைத்தெருவில் எந்த நாட்டுமருந்துக் கடை முன்னால் நின்றாலும் முதலில் மூக்கில் ஏறுவது ஓமம்தான். ஒரு சிட்டிகை ஓமத்தை உள்ளங்கையில் போட்டுக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். வரிவரியாக நரம்போடிய அந்தப் பொடி விதை நசுங்கியதும் காரமும் குளிர்ச்சியும் கலந்த நெடி ஒன்று குப்பென்று கிளம்பும். அந்த நெடிக்குக் காரணம் தைமால் என்னும் வேதிப்பொருள். கல்யாண விருந்து செரிக்காமல் வயிறு உப்பிசமாகக் கிடந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் யோசிப்பதில்லை; ஓமவாட்டர் ஒரு மூடி குடித்துவிட்டுப் படுப்பார்கள்.

குடிக்கும்போது மூக்கு அந்தத் தைமாலை அறிகிறது. அது தொண்டையைத் தாண்டி உள்ளே இறங்கியதும் வாசனையின் கதை முடிந்தது என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 2007ஆம் ஆண்டு ஜெர்மனியின் மியூனிக் நகர ஆய்வாளர்கள் மனிதக் குடலின் உட்சுவரில் ஆங்காங்கே தனித்தனியாகப் பதிந்திருக்கும் ஒருவகைச் செல்களை எடுத்துச் சோதித்தார்கள். செரோட்டோனினைச் சேமித்து வைத்திருக்கும் செல்கள் அவை. நம் உடம்பிலுள்ள செரோட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. குடல் சுருங்கி விரிந்து உணவை நகர்த்துவதற்கு அதுவே குறிப்புக் கொடுக்கிறது. அந்தச் செல்களில் வாசனை ஏற்பிகள் இருப்பதை அவர்கள் கண்டார்கள். மூக்கின் உச்சியில் மட்டுமே இருக்க வேண்டியவை என்று கருதப்பட்ட அதே புரதங்கள்! ஆய்வகத்தில் வளர்த்த இவ்வகைச் செல்களின்மேல் தைமாலையும், கிராம்பின் யூஜினாலையும் விட்டபோது அவை செரோட்டோனினை வெளியே விட்டன.

ஓமவாட்டர் வாயுவைத் தீர்க்கிறது என்பதற்கு இது சான்று ஆகாது. தட்டில் வளர்த்த செல் வேறு, கல்யாணச் சாப்பாடு தின்ற வயிறு வேறு. எனக்கு இதில் இனிப்பது வேறொன்று. ஒரே தைமால் துகளை உடம்பு இரண்டு இடங்களில் இரண்டு விதமாக அறிகிறது. மூக்கு அறிந்ததை மூளைக்குச் சொல்கிறது, நமக்கு மணக்கிறது. குடல் அறிந்ததை நம்மிடம் சொல்வதே இல்லை. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது.

வாசனை ஏற்பிகளின் மரபணுக்களை 1991இல் எலியில் கண்டுபிடித்தவர்கள் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் என்ற இருவர். அதற்காக 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனித உடம்பின் மரபணுக் குடும்பங்களிலேயே மிகப் பெரியது இது. வேலை செய்யும் நிலையில் இருப்பவை மட்டும் 400க்கு நெருங்கும். பரிசு கிடைப்பதற்கு வெகு முன்பே, முதல் கட்டுரை வந்த மறு ஆண்டே, பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் மார்க் பார்மெண்டியேவின் குழு இதே குடும்ப மரபணுக்கள் ஆண் விந்தகத்திலும் செயல்படுவதைச் சொல்லிவிட்டது. இருந்தும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. மூக்குக்கு உரியது வேறெங்கோ தட்டுப்பட்டால் ஏதோ தவறி வந்து விழுந்தது என்று ஒதுக்குவது எளிது. அந்த எண்ணத்தை அசைத்தது சிறுநீரகம்.

ஜெனிஃபர் பிளஸ்னிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் தேடியது வாசனையை அல்ல. அவருடைய துறை சிறுநீரகம். அங்கே வாசனை ஏற்பிகளின் தடம் தென்பட்டது. தனியே ஓர் ஏற்பி மட்டும் கிடைத்திருந்தால் தற்செயல் என்று விட்டிருக்கலாம். 2009இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டது அதைவிடப் பெரிய செய்தி. மூக்கில் ஏற்பி மணத்தைப் பிடித்ததும் அதை மின்குறிப்பாக மாற்ற அடுத்தடுத்து இயங்கும் துணைப் புரதங்கள் உண்டு. அவையும் எலியின் சிறுநீரகத்தில் இருந்தன. அவற்றில் ஒன்று இல்லாமல் பிறந்த எலிகளின் சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகம் குறைந்திருந்தது. அதாவது கருவிகள் சும்மா கிடக்கவில்லை.

அவர் அடுத்துத் தொட்ட ஏற்பிக்கு எலியில் ஓல்ஃபர்78 என்று பெயர். மனிதரில் அதற்கு நிகரானது ஓஆர்51இ2. சிறுநீரகத்துக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும் நுண்ணிய தமனிச் சுவரில், ரெனின் என்ற பொருள் சுரக்கும் இடத்திலேயே அது உட்கார்ந்திருக்கிறது. ரெனின் கூடினால் இரத்த அழுத்தம் ஏறும். அப்படிப்பட்ட முக்கியமான இடத்தில் நிற்கும் ஏற்பி எந்த மணத்துக்காகக் காத்திருக்கிறது? மல்லிகைக்கா, மிளகுக்கா? இரண்டும் இல்லை. அசிட்டேட், புரோப்பியோனேட் என்ற இரண்டு சிறிய அமிலப் பொருள்களுக்கு. முதலாவது காடியின் நெடி, இரண்டாவது சில வெளிநாட்டுப் பாலாடைக்கட்டிகளில் அடிக்கும் புளித்த நெடி.

இவை சிறுநீரகத்துக்கு எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் கதை எங்கள் வட்டாரத்துக்குத் திரும்புகிறது. நம்மால் செரிக்க முடியாத நார்ப்பொருளைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து உண்கின்றன. அவை மிச்சமாக விடுவது இந்த அமிலங்களை. இந்த அமிலங்கள் குடற்சுவர் வழியாக இரத்தத்தில் சேர்கின்றன. கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக விளைவித்துத் தின்ற சாமையிலும் தினையிலும், கீழே சமவெளியில் நாம் தோலோடு வேகவைத்துக் களி கிண்டும் உளுந்திலும் அந்த நார் உண்டு. களி தின்றவருக்கு மணத்தது உளுந்தும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும். தின்று பல மணி நேரம் கழித்து அவருடைய சிறுநீரகத்தை எட்டுவது, நுண்ணுயிர்கள் அந்தச் சாப்பாட்டைத் தின்று முடித்ததற்கான வேதிக் குறிப்பு.

இதற்குள் இருக்கும் கணக்கை நின்று பார்க்கத்தான் வேண்டும். புரோப்பியோனேட்டை அறியும் ஏற்பி உடம்பில் ஓல்ஃபர்78 ஒன்று மட்டும் அல்ல. ஜிபிஆர்41 என்று இன்னொன்றும் உண்டு. அது அழுத்தத்தை இறக்கும், ஓல்ஃபர்78 ஏற்றும். ஒரே பொருளுக்கு எதிரெதிரான இரண்டு கைகள் எதற்கு? 2013இல் பிளஸ்னிக் குழு தந்த விளக்கம் மிக அழகானது. புரோப்பியோனேட் குறைவாக இருக்கும்போதே ஜிபிஆர்41 விழித்துக்கொள்கிறது, அழுத்தம் இறங்கத் தொடங்குகிறது. அளவு மேலும் கூடினால்தான் ஓல்ஃபர்78 விழிக்கிறது; இறங்கும் அழுத்தம் அளவுக்கு மீறி விழாமல் தாங்கிப் பிடிக்கிறது. ஓல்ஃபர்78 இல்லாத எலிகளுக்குப் புரோப்பியோனேட் கொடுத்தபோது அழுத்தம் மற்ற எலிகளைவிடக் கடுமையாக விழுந்தது. அதே எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் நுண்ணுயிர்களைக் குறைத்தபோது அழுத்தம் ஏறியது. வயிற்றில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கும் நாடி ஓடும் விசைக்கும் நடுவே, மூக்கில் பிறந்ததாக நாம் நினைத்த ஒரு புரதம் நிற்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து ஒரு கவளம் களியை நான் பழைய மாதிரி பார்க்கவில்லை.

2023இல் இந்த ஓஆர்51இ2வின் உருவத்தையே படம் பிடித்துவிட்டார்கள். ஆஷிஷ் மாங்லிக், ஹிரோவாகி மட்சுனாமி ஆகியோரின் குழுக்கள் அதி குளிரில் உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தன. ஒரு மணப்பொருளைப் பிடித்த நிலையில் மனித வாசனை ஏற்பி ஒன்று இத்தனை துல்லியமாகத் தெரிந்தது அதுவே முதல்முறை. செல்லின் உறையை ஏழு முறை ஊடுருவி வளைந்து நிற்கும் புரதம்; அதன் நடுவே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி நாற்புறமும் மூடிய ஒரு சின்னக் குழி. புரோப்பியோனேட்டின் அமில முனையை ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஒன்று கவ்விக்கொள்கிறது. மூன்றே கார்பன் கொண்ட அதன் உடல் மிச்ச இடத்தில் கச்சிதமாக அடங்கிவிடுகிறது. இதைவிட நீளமான கொழுப்பமிலம் வந்தால் உள்ளே இடம் இல்லை. உழக்கில் படி நெல் கொள்ளாது அல்லவா, அந்தக் கணக்குத்தான். ஆய்வாளர்கள் குழியின் சுவரில் இருந்த பருமனான அமினோ அமிலத்தை நீக்கிச் சிறியதை வைத்துப் பார்த்தார்கள். உடனே அந்த ஏற்பி நீளமான அமிலங்களையும் அறியத் தொடங்கியது. எதை உணர வேண்டும் என்பதை அந்தக் குழியின் கொள்ளளவு தீர்மானிக்கிறது. நாம் மணம் என்று அனுபவிக்கும் அத்தனையும் இப்படிப்பட்ட ஏதோ ஒரு குழியின் அளவில்தான் தொடங்குகிறது என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

மலை என்றதும் சந்தனம். கல்வராயன் மலைக்காடுகளில் சந்தன மரம் இயற்கையாக வளர்வது. அது பக்கத்து மரஞ்செடிகளின் வேரைப் பற்றி உறிஞ்சி வளரும் மரம் என்பதும், மணம் அதன் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில்தான் என்பதும் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். சந்தனத்தைக் கல்லில் உரைத்து நெற்றியிலும் கழுத்திலும் பூசுகிறோம். மூக்குக்கு மணம், தோலுக்குக் குளிர்ச்சி என்று பிரித்தே பேசிவந்தோம். 2014இல் ஜெர்மனியின் போகும் நகரத்தில் ஹான்ஸ் ஹாட் குழுவினர் நம் தோலின் மேலடுக்குச் செல்களில் ஓஆர்2ஏடி4 என்ற வாசனை ஏற்பி இருப்பதைக் காட்டினார்கள். அதை எழுப்பிய பொருள் சாண்டலோர். சந்தன மணம் தரும்படி செயற்கையாகச் செய்தது. ஐந்து நாள் அதோடு வைத்திருந்த செல்கள் 32 சதவீதம் கூடுதலாகப் பெருகின. காயத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அவை நகர்வதும் விரைவானது. 2018இல் ரால்ஃப் பவுஸ் குழு இதே ஏற்பியை மயிர்க்கால்களில் சோதித்தது. சாண்டலோர் பட்ட மயிர்க்கால்கள் வளரும் பருவத்திலேயே நீண்ட நேரம் நின்றன. ஏற்பியை அடைக்கும் பொருளைச் சேர்த்ததும் வளர்ச்சி முன்கூட்டியே ஓயத் தொடங்கியது.

உரைத்த சந்தனம் புண்ணை ஆற்றும், முடியை வளர்க்கும் என்று இதை வைத்து விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். மேலே சொன்ன முடிவுகள் செயற்கைப் பொருளுக்கு உரியவை. சந்தனக் கட்டையின் சாண்டலால் வேறு. தோல் செல்லுக்குத் தேவைப்பட்ட அளவும் மூக்குக்குத் தேவையானதைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. எனக்கு அந்த ஆயிரம் மடங்கே ஒரு நயமாகத் தெரிகிறது. மூக்கு காற்றில் மிதந்துவரும் சிறு சுவடுக்கே திரும்ப வேண்டும். தோல் தன்மேல் அப்பிக்கிடப்பதை அறிந்தால் போதும். ஒரே குடும்பத்துப் புரதம், இடத்துக்கு ஏற்ற கூர்மை.

எல்லாக் கண்டுபிடிப்பும் நிலைத்து நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘லில்லி ஆஃப் தி வேலி’ என்ற பூவின் மணமுள்ள பொருளை நோக்கி விந்தணு நீந்துகிறது என்று 2003இல் வந்த செய்தி உலகமெங்கும் பரவியது. 2012இல் வேறொரு குழு, அந்த மணப்பொருள் வாசனை ஏற்பி வழியாக அல்லாமல் விந்தணுவின் கால்சியம் வாயிலை நேரே தொடுகிறது என்று காட்டியது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைக் கழுத்துத் தமனியருகே அறிவிப்பது ஓல்ஃபர்78தான் என்று 2015இல் எழுதப்பட்டது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இந்தத் துறை இப்படித்தான் நடக்கும், நடக்கட்டும். என் மட்டில் குடலும் சிறுநீரகமும் தோலும் தந்த சான்றுகளே போதும்: இந்த ஏற்பிகளை மூக்குக்கு மட்டும் எழுதி வைத்தது நம் அவசரம். உடம்பு முழுவதும் வேதிப்பொருள்களைப் படித்துக்கொண்டிருக்கிறது. அதில் மூக்கு படிப்பது ஒன்றே நமக்குக் கேட்கிறது.

உளுந்தூர்பேட்டையிலும் கள்ளக்குறிச்சியிலும் மேல்நிலை வகுப்புகளில் உயிரியல் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். புலன் உறுப்புகள் பாடத்தில் மூக்கின் படத்தை வரைந்து பாகம் குறித்ததோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு சிட்டிகை ஓமத்தை வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் கையில் நசுக்கச் சொல்லுங்கள். குடலும் இதை அறியும் என்று சொல்லுங்கள். நானூறு ஏற்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு அவை எந்தப் பொருளை அறிகின்றன என்பதே இன்னும் தெரியாது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.