பத்து வயதில் ஒரு வெட்டுப்புள்ளி

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் பிள்ளைகளின் பொழுதே மாறிவிடும். அஸர் தொழுகைக்குப் பிறகு குர்ஆன் ஓதப் போன பிள்ளை டியூஷனுக்குப் போகிறது. இரவில் மாதிரி வினாத்தாளும் மணிக்கூடுமாக உம்மா பக்கத்தில் இருக்கிறார்: நாற்பது வினா, ஒரு மணித்தியாலம்.

ஆனாலும் இந்தப் பரீட்சையை ஒரேயடியாகத் தூற்ற எனக்கு மனம் வரவில்லை. முதலாம் தர அனுமதியில் வீட்டின் தூரம், பெற்றோர் அங்கே படித்தவர்களா என்பதெல்லாம் கணக்கில் வரும். இங்கே சுட்டெண் மட்டுந்தான். கைத்தறி நெய்பவரின் மகளும் யாருடைய கடிதமும் இல்லாமல் ஒரு தேசிய பாடசாலையின் வாசலுக்குப் போகலாம். 1940களில் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா இலவசக் கல்வியையும் மத்திய கல்லூரிகளையும் கொண்டுவந்ததும் இப்படிப்பட்ட பிள்ளைக்காகத்தான்.

ஆனால் இந்தப் பரீட்சையில் எடுக்கும் புள்ளியை எதிர்காலத்தின் அளவாக நம்புவதில்தான் பிழை இருக்கிறது. பெரிய பாடசாலைகள் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தால் ‘தெரிவு சரி’ என்கிறோம். கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, நல்ல ஆசிரியர்களையும் ஆய்வுகூடத்தையும் கொடுத்தால் பெறுபேறு வராமல் எங்கே போகும்? பரீட்சை சரியாகக் கணித்ததா, பாடசாலை வளர்த்ததா என்று அறிய, வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி மேலே நின்றவரையும் ஒரு புள்ளி கீழே நின்றவரையும் ஆறு வருடம் கழித்து ஒப்பிட வேண்டும். புலமைப்பரிசில், சாதாரண தரம் ஆகிய இரண்டு பரீட்சைகளையும் நடத்துவது ஒரே திணைக்களம். இந்தக் கணக்கைப் பார்க்க முடியாதென்றில்லை.

2024இல் இந்தப் பரீட்சையின் முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் அந்த மூன்றுக்கும் எல்லோருக்கும் புள்ளி கிடைத்தது. அவற்றைத் தன் திறமையால் சரியாகச் செய்த பிள்ளைக்கும் பிழைவிட்ட பிள்ளைக்கும் இடையிலிருந்த வித்தியாசம் அழிந்துபோனது. ஓரத்தில் நின்றவருக்குப் பாடசாலையே மாறிப்போக அது போதும்.

பாடசாலை அனுமதியோடு இந்தப் பரீட்சை தீர்மானிக்கும் உதவித்தொகைக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுகிறது. சூழல் புள்ளியைக் கூட்டும், குறைக்கும் என்று அரசே ஒப்புக்கொண்டதற்குச் சமம் அது. ஆனால் அம்பாறை மாவட்டத்துக்குள் கல்முனை நகரத்துப் பிள்ளையும் இறக்காமத்துப் பிள்ளையும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள்.

வகுப்பாசிரியரின் மதிப்பீட்டைச் சேர்க்கலாம் என்பார்கள். எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமான நம்மூர்களில் அது சிபாரிசுக்கே வழி திறக்கும். ஆகவே பரீட்சை உதவித்தொகைக்காக இருக்கட்டும். தேசிய பாடசாலைகள் தரம் ஆறில் எல்லா இடத்தையும் நிரப்பிவிடாமல், பிந்தி மலரும் பிள்ளைகளுக்காகத் தரம் எட்டில் சில இடங்களை ஒதுக்கட்டும்.