ஓடும் பூரணமும்

பிரஸ்ஸல்ஸ் நகரில் சாக்லேட் சுவைக்க அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் ஏறக்குறைய ஒரே பாடத்தைத்தான் சொல்லித்தருகிறார்கள். துண்டைக் கையில் எடுத்ததும் அதன் மினுமினுப்பைப் பாருங்கள். ஒடித்து ஓசையைக் கேளுங்கள். மூக்கருகே கொண்டுபோய் மணம் பிடியுங்கள். பிறகு நாக்கின்மேல் வைத்து, கடிக்காமல், தானாகக் கரையவிடுங்கள். ஒயின் சுவைப்பவர்களிடமிருந்து எடுத்து, பூரணம் எதுவும் இல்லாத வெறும் சாக்லேட் பாளங்களுக்கு ஏற்பத் திருத்திக்கொண்ட முறை இது. ஒரே தோட்டத்துக் கோகோவில் செய்த பாளத்தை ருசிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் கைவினைஞர்கள் செய்யும் பூரணம் வைத்த சாக்லேட்டுக்கும் இதையே மாற்றமில்லாமல் பொருத்துகிறார்கள். அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பூரணச் சாக்லேட் சமைத்துக் கட்டிய பண்டம். அதைச் சுவைக்கும்போது பல்லுக்கும் வேலை உண்டு, செய்து எத்தனை நாளாயிற்று என்ற கேள்விக்கும் இடம் உண்டு. இப்போதுள்ள பழக்கம் இரண்டையும் விட்டுவிடுகிறது.

பெல்ஜியத்தில் இந்தப் பண்டத்துக்குப் பிராலின் என்று பெயர். ழான் நொய்ஹாவுஸ் 1857இல் பிரஸ்ஸல்ஸின் கலெரி த லா ரேன் அங்காடிக்கூடத்தில் மருந்துக்கடை திறந்தார். கசப்பு மருந்துகளைச் சாக்லேட்டில் பொதிந்து விற்றதாகச் சொல்வார்கள். அதே பெயர் கொண்ட அவருடைய பேரன் 1912இல் மருந்து இருந்த இடத்தில் இனிப்புப் பூரணத்தை வைத்தார். பேரனின் மனைவி லூயிஸ் அகோஸ்தினி 1915இல் பாலொத்தான் எனப்படும் அட்டைப்பெட்டியை வடிவமைத்தார். அதுவரை காகிதக் கூம்பில் போட்டுக் கொடுத்த பிராலின்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுத்தி நசுங்கின. அப்படி ஒரு பெட்டி தேவைப்பட்டதிலிருந்தே பண்டத்தின் இயல்பு புரியும்: வெளியே உடையக்கூடிய ஓடு, உள்ளே அழுந்தக்கூடிய பூரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டுச் சாக்லேட் சட்டப்படி, ஒரு வாய் அளவுள்ள பிராலினின் எடையில் 25 சதவீதமாவது சாக்லேட் இருந்தால் போதும். முக்கால் பங்குவரை வேறு பொருளாக இருக்கக்கூடிய ஒன்றை, சாக்லேட்டுக்கு மட்டும் ஏற்பட்ட முறையில் அளக்கிறோம்.

முறையைக் குறை சொல்வதற்கு முன் அது தரும் நன்மையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது பெரிது. கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிக வடிவங்களில் உறையக்கூடியது. ஐந்தாவது வடிவத்தில் உறைந்தால்தான் ஓடு பளபளக்கும், டக்கென்று ஒடியும், ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில், அதாவது வாயின் சூட்டுக்குச் சற்றே கீழே, முழுக்க உருகும். அந்த வடிவத்துக்குக் கொண்டுவரத்தான் கறுப்புச் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27, 28 வரை இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்றுகிறார்கள். டெம்பரிங் என்ற இந்த வேலை சரியாக நடந்ததா என்பதைப் பார்ப்பதும் ஒடிப்பதும் கரையவிடுவதும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஹோம்மேட் என்ற பெயரில் எடைபோட்டு விற்கும் சாக்லேட்டில் கணிசமானவை கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்டில் செய்தவை. மெதுவாகக் கரையவிட்டுப் பழகிய நாக்குக்கு அது உடனே தெரியும்: இனிப்பு முதலில் கரைந்து போகும், கொழுப்பு மேலண்ணத்தில் பிசுக்காக ஒட்டிக்கொண்டு நிற்கும். விலை கொடுத்து வாங்குபவருக்கு இந்தப் பயிற்சி ஒரு பாதுகாப்பு. இனிப்பை வாயில் போட்டதும் விழுங்கிவிடும் நம் வழக்கத்துக்கு இந்த நிதானம் நல்ல மருந்தும்கூட.

கோளாறு கரையவிடும் கட்டத்தில் தொடங்குகிறது. பூரணச் சாக்லேட்டைக் கடிக்காமல் நாக்கில் வைத்திருந்தால் ஓடு உருகி, பூரணத்தோடு கலந்து, ஒரே குழம்பாகிவிடும். செய்தவர் திட்டமிட்ட முரண் அத்தனையும் அதில் அழிந்துபோகிறது. பிராலினைக் கடிக்க வேண்டும். முன்பல்லால் பாதியாகக் கடித்து, வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். ஓட்டின் கனம் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒன்றாக இருக்கிறதா? அடிப்பகுதி தடித்துப் போயிருக்கிறதா? ஓட்டுக்கும் பூரணத்துக்கும் நடுவே காற்றிடைவெளி இருக்கிறதா? கொழுக்கட்டை பிடிப்பவரின் திறமையை மேல்மாவின் மெலிவில் பார்ப்போமே, அதே கணக்குதான் இங்கும்.

ஓடு போட இரண்டு வழிகள் உண்டு. பெல்ஜியத்தில் பெரும்பாலும் அச்சில் வார்ப்பார்கள். அச்சுக்குழிகளில் சாக்லேட்டை ஊற்றி, கவிழ்த்து வழியவிட்டு, ஒட்டி நின்ற படலம் உறைந்ததும் பூரணத்தை நிரப்பி, மேலே மறுபடி சாக்லேட்டால் மூடுவார்கள். ஓடு சற்றுத் தடிப்பாக இருக்கும், அதனால் மிகத் தளர்வான பூரணத்தையும் அது தாங்கும். பாரிஸ் கடைகள் பலவற்றின் வழக்கம் வேறு. 1977இல் ராபெர் லேன்ஸ் தொடங்கிய லா மேசோன் துய் ஷொகொலா இதற்குப் பெயர் பெற்றது. சூடான கிரீமில் சாக்லேட்டைக் கலந்து உறையவைத்த கனாஷைச் சதுரமாக வெட்டி, மெல்லிய படலம் மட்டும் படியும்படி சாக்லேட்டில் முக்கி எடுப்பார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒரே அளவுகோலில் மதிப்பிட்டால், மெல்லிய படலம் எப்போதும் நேர்த்தியாகத் தெரியும், தடித்த ஓடு எப்போதும் முரடாகத் தெரியும். தடித்த ஓட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு. காபி வெண்ணெய்க் கிரீமும் முழு ஹேசல்நட்டும் உள்ளே இருக்கும் மனோன் போன்ற பிராலினை மெல்லிய படலத்தில் கட்டினால் கைபட்டதும் நசுங்கும்.

அடுத்த குறை, தட்டின் அமைப்பு. சுவைத்தல் என்றாலே ஒன்பது துண்டு, ஒன்பது சுவை என்று அடுக்குகிறார்கள்: பாஷன் ஃப்ரூட், யூசு, மிளகாய், உப்புக் கேரமல், துளசி, ஏலக்காய், ராஸ்ப்பெர்ரி என்று போகும். நான்காவது துண்டுக்குள் நாக்கு கொழுப்பிலும் சர்க்கரையிலும் களைத்துவிடும். அதற்குப்பின் உரக்கக் கத்துகிற சுவைதான் காதில் விழும். புளிப்பு, காரம், உப்பு ஆகியவை முதல் கடியிலேயே வியப்பைத் தரும். அடக்கமான கறுப்புச் சாக்லேட் கனாஷ் அந்த வரிசையில் மங்கலாகத் தெரியும். 2012இல் தொடங்கிய இன்டர்நேஷனல் சாக்லேட் அவார்ட்ஸ் போட்டியில் நடுவர்கள் துண்டுக்குத் துண்டு நடுவே உப்பில்லாத மக்காச்சோளக் கூழைச் சாப்பிட்டு வாயைத் துப்புரவாக்கிக்கொள்கிறார்கள். கனாஷுக்குத் தனிப் பிரிவு, கொட்டை விழுதுக்குத் தனிப் பிரிவு, கேரமலுக்குத் தனிப் பிரிவு என்று பிரித்தும் வைத்திருக்கிறார்கள். கடைகளில் நடக்கும் சுவைத்தலில் இந்த ஒழுங்கு கிடையாது. விளைவு, கடைக்காரரும் முதல் கடியில் ஆளை நிறுத்தும் பூரணங்களைத்தான் அதிகம் செய்யத் தொடங்குகிறார். இரண்டாவது துண்டை யாரும் கேட்காத சுவைகள் பெட்டியை நிறைக்கின்றன.

ஒரு கடையின் கையைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு துண்டு போதும்: ஹேசல்நட் விழுது வைத்தது. கொட்டையை வறுத்து, பொன்னிறமாக உருக்கிய சர்க்கரையில் புரட்டி, ஆறவைத்து, உடைத்து, விழுதாக அரைத்துக் கொஞ்சம் சாக்லேட் சேர்ப்பது. பொருள் மூன்றோ நான்கோதான். ஆகவே ஒளிந்துகொள்ள இடமே இல்லை. வறுவல் குறைந்தால் பச்சை வாடை நிற்கும், கூடினால் கசப்பு தொண்டையில் இறங்கும். உலகில் விளையும் ஹேசல்நட்டில் பாதிக்கு மேல் துருக்கியிலிருந்து வருகிறது. இத்தாலியின் பியெமோந்தே வட்டாரக் கொட்டையை மணத்துக்காகத் தேடி வாங்குபவர்கள் உண்டு. கொட்டை எந்த ஊர் என்பதைவிட, உரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்பது முக்கியம், ஏனென்றால் அதன் எண்ணெய் சீக்கிரம் காறும். நல்ல துண்டைப் பாதியாக வெட்டினால் உள்ளே வெளிர் பழுப்பு விழுது, அதில் ஆங்காங்கே கொஞ்சம் இருண்ட சர்க்கரைத் துணுக்குகள். கடித்ததும் ஓடு ஒடிகிறது, விழுது தளர்ந்து பரவுகிறது, ஒரு கணம் கழித்துத் துணுக்குகள் பல்லில் நொறுங்குகின்றன. வாசனை மூச்சை வெளிவிடும்போதுதான் முழுதாக வருகிறது, சாக்லேட் கரைந்து போன பிறகும் வறுத்த கொட்டையின் மணம் தங்குகிறது. சிலர் உருளைகளில் மறுபடி மறுபடி அரைத்து, நாக்கு துகளை உணராத அளவுக்கு நைசாக்கிவிடுவார்கள். அதுவும் மரபுதான். என் விருப்பம் கொரகொரப்பின் பக்கம். அரைப்பின் அளவு செய்தவர் எடுத்த முடிவு, அந்த முடிவை வாயில் உணர வேண்டுமென்றால் மெல்லத்தான் வேண்டும்.

நாள் கணக்கு இன்னும் பெரிய விஷயம், ஏறக்குறைய எல்லாச் சுவைத்தல் மேசைகளும் தாண்டிப்போகும் விஷயமும் அதுவே. கனாஷில் கிரீம் இருக்கிறது, கிரீமில் நீர் இருக்கிறது. அந்த நீர் நுண்ணுயிர்க்கு எட்டும் நிலையில் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். அதைத் தடுக்கச் சர்க்கரைப்பாகு வகைகளும் சார்பிட்டாலும் மதுவும் சேர்த்து நீரைக் கட்டிப்போடலாம். அப்படிச் செய்தால் பெட்டி மாதக்கணக்கில் கெடாது, ஆனால் இனிப்பு ஏறும், பாலின் புத்துணர்வு போய்விடும். ஒன்றும் சேர்க்காமல் செய்யும் சிறு கடையின் கனாஷ் இரண்டு, மூன்று வாரத்துக்குள் சாப்பிட வேண்டியது. செய்த மூன்றாம் நாளிலும் இருபதாம் நாளிலும் அதே துண்டு வேறு வேறு பண்டம். கொட்டை விழுதுக்கும் இந்தக் கதிதான்: அதன் எண்ணெய் மெல்ல ஓட்டுக்குள் ஊறி, ஒடியும் தன்மையைக் குலைத்து, மேலே வெண்மை படரச் செய்யும். சுவைத்து எழுதுபவர்கள் தோட்டத்தின் பெயரையும் கோகோ சதவீதத்தையும் தவறாமல் குறிக்கிறார்கள். எந்தத் தேதியில் செய்தது, எத்தனை டிகிரியில் வைத்திருந்தது என்று குறிப்பவரைக் காண்பது அரிது. தேதி தெரியாமல் பூரணச் சாக்லேட்டுக்கு மதிப்பெண் போடுவது செய்தவருக்கு இழைக்கும் அநீதி. புதிதாகச் செய்து அன்றாடம் விற்கும் கடையும், மாதக்கணக்கில் கெடாத பெட்டியை அடுக்கும் கடையும் அந்த மதிப்பெண்ணில் சமமாகிவிடுகின்றன.

கண்ணுக்குத் தரும் இடம் அளவுக்கு மிஞ்சிப்போனதையும் சொல்ல வேண்டும். நிறமேற்றிய கோகோ வெண்ணெயைத் தெளித்துக் கண்ணாடிபோல் மின்னும் துண்டுகள் இப்போது எல்லா ஊர்க் கடைகளிலும் இருக்கின்றன. கைவேலை அபாரமானது, மறுக்கவில்லை. அந்த வண்ணங்கள் எடுப்பாகத் தெரிய வெள்ளை அடிப்பூச்சாகப் பலர் பயன்படுத்திய டைட்டானியம் டையாக்சைடை உணவில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை விதித்தது. தோற்றத்துக்கு மதிப்பெண் கொடுத்துக்கொண்டே இருந்ததன் விலை அது.

சுவைத்தல் மேசையில் யாரும் கேட்காத இன்னொரு கேள்வி, ஓட்டின் சாக்லேட்டை யார் செய்தது என்பது. கைவினைஞர்களில் மிகப் பெரும்பான்மையினர் கோகோ விதையைத் தொடுவதே இல்லை. கூவெர்ச்சர் எனப்படும் தயார்ச் சாக்லேட்டைப் பெரிய ஆலைகளிலிருந்து வாங்கி உருக்குகிறார்கள். பெல்ஜியத்தில் இது பழைய ஏற்பாடு. சாக்லேட் ஆலைக்காரர் ஒக்தாஃப் கலெபோ 1925இல் சாக்லேட்டைத் திரவமாகவே சேமித்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் வழியைக் கண்டார், சிறு பட்டறைகளின் வேலை அதனால் எளிதாயிற்று. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. மாவு அரைக்காதவரும் நல்ல ரொட்டி சுடலாம். ஆனால் ருசியில் பெரும்பங்கு அங்கிருந்து வரும்போது அந்தப் பெயர் அட்டையில் இல்லாமல் இருப்பது எனக்கு உறுத்துகிறது. பெல்ஜியத்தின் வீஸே ஊரிலுள்ள பாரி கலெபோ ஆலையில் 2022 ஜூன் இறுதியில் சால்மோனெல்லா கிருமி கண்டறியப்பட்டு எல்லா உற்பத்தியும் நிறுத்தப்பட்டபோதுதான், எத்தனை விதமான இனிப்புகள் அந்த ஒரு கூரையை நம்பியிருக்கின்றன என்பது வெளியாருக்குத் தெரிந்தது. பெல்ஜியக் கைவினைஞர் பியர் மார்கோலினியைப் போல விதையை வாங்கித் தாமே வறுத்து அரைப்பவர்கள் சிலரே.

ஆலைக்குப் பின்னால் தோட்டம் இருக்கிறது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைகிறது. 2020இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்க் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, அந்த இரு நாடுகளின் கோகோத் தோட்டங்களில் சுமார் 15 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைகள் வேலை செய்வதாக மதிப்பிட்டது. 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியபோது கடைக்காரர்கள் விலைப்பலகையை மாற்றி எழுதினார்கள், காரணத்தையும் சொன்னார்கள். மற்ற நாட்களில் சுவைத்தல் மேசை தோட்டத்தைப் பற்றிப் பேசுவது அதன் பெயர் அழகாக இருக்கும்போது மட்டும்தான்.

என் யோசனை சிக்கனமானது. ஒன்பது சுவைக்குப் பதிலாக நான்கு கடைகளின் ஹேசல்நட் துண்டுகளை மட்டும் வையுங்கள், அல்லது நான்கு கடைகளின் கறுப்புக் கனாஷை. கத்தியால் பாதியாக வெட்டி, வெட்டுமுகத்தைப் பார்த்துவிட்டுக் கடிக்கச் சொல்லுங்கள். மீதிப் பாதியை வாய் கழுவிய பிறகு வரிசையைத் தலைகீழாக்கிச் சாப்பிடச் சொல்லுங்கள், எதை மறுபடி எடுக்கக் கை நீள்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பூரணத்தைப் பற்றிப் பத்து வரி எழுதும் அட்டையில் இன்னும் மூன்று விவரங்களுக்கு இடம் இருக்கும்: வார்த்த தேதி, கூவெர்ச்சர் எந்த ஆலையுடையது, கோகோ எந்த நாட்டில் விளைந்தது.