ஒரே பாட்டு, இரண்டு பதிவு: சத்தம் அதிகமானால் தரம் கூடுமா?

உயர்நிலை நான்கு மாணவர்களுக்கு ஒப்பீடு எழுதச் சொல்லிக்கொடுத்தபோது, ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளை அரை நிமிடம் அரை நிமிடமாகப் போட்டுக் காட்டினேன். "எது நல்லா இருக்கு?" என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாக் கையும் முதல் பதிவுக்கே உயர்ந்தது. காரணம் கேட்டால், "தெளிவா இருக்கு சார்", "பவரா இருக்கு சார்" என்றார்கள். பிறகு முதல் பதிவின் சத்தத்தைக் குறைத்து, இரண்டும் காதுக்கு ஒரே அளவாகக் கேட்கும்படி வைத்து மறுபடியும் போட்டேன். இந்த முறை பாதிப் பேர் கட்சி மாறிவிட்டார்கள்.

அந்தப் பாட்டு, மெட்டாலிக்கா என்ற அமெரிக்க ராக் குழுவின் 'தி டே தட் நெவர் கம்ஸ்'. 2008 செப்டம்பரில் வெளிவந்த 'டெத் மேக்னெட்டிக்' தொகுப்பில் உள்ளது. முதல் பதிவு கடைகளில் விற்ற குறுவட்டு. இரண்டாவது, 'கிட்டார் ஹீரோ' என்ற மின்னிலக்க விளையாட்டுக்காக வந்த வடிவம். பாடியவரும் வாசித்தவர்களும் ஒருவரே. ஆனால் கேட்கும் அனுபவம் வேறு வேறு.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது? குரல், கிட்டார், டிரம்ஸ் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவுசெய்வார்கள். அவற்றை ஒன்றாகச் சேர்ப்பது கலவை. கலவை முடிந்தபின், வெளியீட்டுக்கு முன் செய்யும் கடைசி வேலைதான் மாஸ்டரிங். புத்தகம் அச்சுக்குப் போகும் முன் செய்கிற கடைசிச் செப்பம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறுவட்டில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்குமேல் போக முடியாது. அப்படியென்றால் ஒரு பாட்டை மற்றப் பாட்டுகளைவிடச் சத்தமாக்குவது எப்படி? டிரம்ஸ் அடி போன்ற உயரமான ஒலிகளை லிமிட்டர் என்ற கருவியால் அமுக்கிவிட்டு, மொத்தப் பாட்டையும் மேலே தூக்குவார்கள். அளவோடு செய்தால் பாட்டு கச்சிதமாகக் கேட்கும். அளவு மீறினால் ஒலி அலையின் உச்சி கத்தரித்ததுபோல் தட்டையாகி, கரகரப்பு வந்துவிடும். யார் பாட்டு அதிகச் சத்தம் என்ற இந்தப் போட்டிக்கு 'லவுட்னஸ் வார்', அதாவது சத்தப் போர், என்றே பெயர்.

இந்தப் பாட்டுக்கு அந்த அணுகுமுறை பொருந்துகிறதா? என் கருத்தில் இல்லை. ஏறக்குறைய எட்டு நிமிடப் பாட்டு இது. மென்மையான கிட்டாரோடு தொடங்கி, அடங்கிய குரலில் நகர்ந்து, பின்பாதியில் புயலாக மாறுகிறது. அமைதிக்கும் புயலுக்கும் இடையிலான தூரம்தான் இதன் உயிர். குறுவட்டில் அந்தத் தூரம் சுருங்கிவிட்டது. புயல் வரும்போது அது மேலே ஏற இடமே இல்லை. டிரம்ஸ் அடி நெஞ்சில் விழாமல், கிட்டாரின் இரைச்சலுக்குள் புதைந்துபோகிறது. விளையாட்டு வடிவம் முதலில் சாதுவாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு அடியும் தனியாக விழுகிறது, பின்பாதி நிஜமாகவே எழுகிறது. ரசிகர்களும் இதைக் கவனித்தார்கள். தொகுப்பைத் திரும்பச் செய்து தரச் சொல்லி, ஆயிரக்கணக்கானோர் இணைய மனுவில் கையொப்பமிட்டார்கள்.

இங்கே அவசரப்பட்டு, "மாஸ்டரிங் செய்தவர் கெடுத்துவிட்டார்" என்று எழுதிவிடக் கூடாது. அந்த வேலையைச் செய்த டெட் ஜென்சன், தம் கைக்கு வரும்போதே கலவை அமுக்கப்பட்டிருந்தது என்று ஒரு ரசிகருக்குத் தெரிவித்தார். விளையாட்டு வடிவமோ தனித்தனி ஒலித்தடங்களிலிருந்து வேறாகக் கலக்கப்பட்டது. ஆக, நாம் ஒப்பிடுவது மாஸ்டரிங்கை மட்டும் அல்ல, கலவையையும் சேர்த்துத்தான். முடிவைக் காதால் அறியலாம். காரணத்தைச் சொல்ல ஆதாரம் வேண்டும்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. குழுவின் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக் அந்த ஒலியை விட்டுக்கொடுக்கவில்லை. முரட்டுத்தனம் இந்த இசையின் குணம் என்றும் ஒருவர் வாதிடலாம். கூட்டமான எம்ஆர்டி ரயிலில் நானே கேட்டுப் பார்த்தேன். விளையாட்டு வடிவத்தின் மென்மையான தொடக்கம் சத்தத்தில் காணாமலே போய்விட்டது, குறுவட்டு தாக்குப்பிடித்தது. ஆனால் வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்டபோது, ஐந்து நிமிடத்துக்குள் குறுவட்டு காதைச் சோர்வடையச் செய்தது. முழுப் பாட்டையும் கேட்கவைப்பதே நல்ல பதிவு என்பது என் அளவுகோல்.

இப்போது காலமும் மாறிவிட்டது. யூடியூப், ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பாடல்களின் சராசரிச் சத்தத்தை ஏறக்குறைய -14 எல்யூஎஃப்எஸ் என்ற அளவை ஒட்டிச் சமன்செய்கின்றன. அமுக்கித் தூக்கிய பாட்டைத் தளமே கீழே இறக்கிவிடும். சத்தத்தால் கிடைத்த ஆதாயம் போய்விடும், அமுக்கியதால் வந்த சேதம் மட்டும் மிஞ்சும். வகுப்பில் நான் கையால் செய்ததையே அந்தத் தளங்கள் தானாகச் செய்கின்றன.

மாணவர்களே, ஒப்பீடு எழுதும்போது மூன்றை மறக்காதீங்க. முதலில், இரண்டையும் ஒரே அளவில் நிறுத்துங்க. சத்தம் கூடினால் அடித்தொனியும் உச்சத்தொனியும் காதுக்குத் தூக்கலாகக் கேட்கும். 'தெளிவா இருக்கு' என்று சொல்லவைத்தது பெரும்பாலும் அதுதான். அடுத்து, பொதுவாக 'நல்லது, கெட்டது' என்று சொல்லாமல், இந்தப் படைப்புக்கு எது தேவை என்று கேளுங்க. கடைசியாக, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை எடுத்துச் சொல்லிவிட்டு உங்க முடிவுக்கு வாங்க.

ஆசிரியர்களுக்கு ஒன்று. அன்று மாலை, மாணவர்களின் வாய்மொழித் தேர்வுப் பயிற்சிப் பதிவுகளை மறுபடியும் எடுத்தேன். ஏற்கெனவே மதிப்பெண் போட்டு முடித்தவைதான். கைப்பேசியை வாயருகே பிடித்துக் கணீரென்று பேசிய ஒரு மாணவருக்கு நல்ல மதிப்பெண். தள்ளி வைத்து மெதுவாகப் பேசிய மாணவிக்குக் குறைவு. 'தெளிவில்லை' என்று குறிப்பும் எழுதியிருந்தேன். இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்டேன். மாணவியின் உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. லகர, ளகர, ழகரம் மூன்றும் சரியாக விழுந்திருந்தன. காணொளியைப் பற்றி அவள் சொன்ன கருத்தும் ஆழமாக இருந்தது. கணீரென்று பேசியவர் சொன்னதையே திரும்பச் சொல்லியிருந்தார்.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டு, மதிப்பெண்ணைத் திருத்தினேன். "பரவாயில்ல சார்" என்றாள், அதே மெதுவான குரலில்.