வெளியாள் கையில் பாட்டு

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து ராக் குழுவான தி ரிப்ளேஸ்மெண்ட்ஸ் 1989-இல் 'டோண்ட் டெல் எ சோல்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. தயாரித்தவர் மாட் வாலஸ். ஆனால் பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்து ஒன்றுசேர்க்கும் மிக்ஸிங் அவர் கையில் இருக்கவில்லை. வானொலியில் எடுபடும் ஒலிக்குப் பேர்போன கிறிஸ் லார்ட்-ஆல்ஜியிடம் அது போனது. முப்பது ஆண்டு கழித்து, 2019-இல், 'டெட் மேன்ஸ் பாப்' என்ற தொகுப்பில் அதே பாடல்கள் மாட் வாலஸின் மிக்ஸில் வெளிவந்தன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். வாசித்த கைகள் அவையே, பாடிய தொண்டையும் அதுவே. ஆனால் பழையதில் டிரம்ஸ் ஒரு பெரிய கூடத்துக்குள் முழங்குகிறது, கிதார்கள் மெருகேறிப் பின்னால் ஒதுங்கி நிற்கின்றன. புதியதில் நான்கு பேர் ஓர் அறைக்குள் நின்று வாசிப்பது கேட்கிறது. அந்தக் குழுவை நேசித்தவர்கள் முப்பது ஆண்டு ஏங்கியது இதற்குத்தான்.

லார்ட்-ஆல்ஜிமேல் பழி போடுவது சுலபம். அது நியாயமில்லை என்பது என் கருத்து. வானொலியில் ஓடுகிற ஆல்பம் வேண்டும் என்று வந்தார்கள், செய்து கொடுத்தார். அந்த ஆல்பத்தின் 'ஐல் பி யூ' பில்போர்டின் ஹாட் 100 பட்டியலில் 51-ஆம் இடம்வரை போனது. அந்தப் பட்டியலில் ஏறிய அக்குழுவின் ஒரே பாட்டு அதுதான். கேட்டது கிடைத்தது. கேட்டதே குழுவின் ஆசையா, இசை நிறுவனத்தின் ஆசையா என்பதை யாரும் முன்கூட்டி உட்கார்ந்து பேசித் தீர்க்கவில்லை என்பதில் இருக்கிறது கோளாறு. மிக்ஸிங்குக்கு வெளியாளை அமர்த்தும் வழக்கத்தின் நன்மை தீமை இரண்டையும் நான் இந்த இடத்திலிருந்துதான் எடைபோடுவேன்.

ஒரு காலத்தில் பதிவு செய்த ஸ்டூடியோவின் பொறியாளரே மிக்ஸிங்கையும் முடித்துக் கொடுப்பார். பிறர் பதிவு செய்ததை வாங்கி மிக்ஸ் செய்து தருவதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்ட முன்னோடிகளில் ஒருவர், நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் இருந்து பிறகு தனித்து இயங்கிய பாப் கிளியர்மவுண்டன். 1980-களில் இது பெரிய நிறுவனங்கள் மட்டுமே தாங்கக்கூடிய செலவு. இன்று படுக்கையறையில் பதிவு செய்யும், பெரிய நிறுவனம் சாராத இண்டி குழுவும் வேறு கண்டத்திலிருக்கும் பொறியாளருக்குக் கோப்புகளை அனுப்பலாம். 2012-இல் தொடங்கிய சவுண்ட்பெட்டர் போன்ற தளங்கள் இதற்கென்றே இருக்கின்றன. சவுண்ட்பெட்டரை 2019-இல் ஸ்பாட்டிஃபை நிறுவனமே விலைக்கு வாங்கி, பின்னர் நிறுவியவர்களிடமே திருப்பி விற்றது.

வெளியாள் எதற்கு என்ற கேள்விக்கு நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் இன்றளவும் வலுவான பதில். 1991 மே மாதம் கலிஃபோர்னியாவின் வான் நைஸில், சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவில், தயாரிப்பாளர் புட்ச் விக் அதைப் பதிவு செய்தார். மிக்ஸிங்கிலும் முதலில் அவரே இறங்கினார், குழுவினரும் கூடவே உட்கார்ந்தார்கள். பாடகர் கர்ட் கோபேன் அவ்வப்போது வந்து மேல் அலைவரிசையை எல்லாம் குறைக்கச் சொல்வார் என்று விக் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். மிக்ஸ் சரியாக அமையவில்லை. நிறுவனம் மிக்ஸ் பொறியாளர்களின் பட்டியலொன்றை நீட்டியது. மேலே இருந்த பெயர்களில் ஆர்.இ.எம். குழுவோடு வேலை செய்த ஸ்காட் லிட்டும் ஒருவர். கோபேன் அவர்களைத் தாண்டி, ஸ்லேயர் என்ற மெட்டல் குழுவின் பெயர் பக்கத்தில் இருந்த காரணத்துக்காக ஆண்டி வாலஸைத் தேர்ந்தெடுத்தார். (முன்னே சொன்ன மாட் வாலஸ் வேறு, இவர் வேறு.)

தேர்ந்தெடுத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். புகழோ விற்பனையோ அங்கே அளவுகோலாக இல்லை. இப்படி ஒலிக்கக் கூடாது, அப்படி ஒலித்தால் சகிக்கலாம் என்ற தெளிவு பாடகருக்கு இருந்தது. வாலஸ் டிரம்ஸ் ஒலிக்கு அடியில் பதிவு செய்த மாதிரி ஒலிகளைச் சேர்த்து, அவற்றின் வழியே அறையின் ஆழத்தை உண்டாக்கினார். அதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் செய்தார். 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாட்டின் சரணத்தில் பேஸும் டிரம்ஸும் நடக்க, கிதார் இரண்டே சுரங்களைத் தொட்டுவிட்டு ஒதுங்கும். அந்த வெறுமையைக் கூச்சமில்லாமல் அப்படியே விட்டார். அதனால்தான் பல்லவி வரும்போது சுவர் இடிந்து விழுவது போலிருக்கிறது. பாட்டை எழுதி, ஒத்திகை பார்த்து, நூறு தடவை வாசித்தவர்களுக்கு அந்த வெறுமை வெறுமையாகத் தெரிந்திருக்காது. முதல் தடவை கேட்கிறவருக்குத் தெரிந்தது.

பிறகு கோபேனே அந்த ஆல்பம் தேய்த்து மினுக்கிய மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். அவர் உறுத்தல் உண்மையானது, மதிக்கிறேன். ஆனாலும் அந்த மினுக்கல் பாட்டின் கோபத்தைத் தின்றுவிடவில்லை என்பதே என் தீர்ப்பு. குரலின் பிசிறு ஒவ்வொரு சொல்லிலும் அப்படியே இருக்கிறது.

வெளியாளின் நன்மை ரசனை சார்ந்தது மட்டுமில்லை, இயற்பியலும் அதில் உண்டு. வீட்டில் 3 மீட்டர் அகல அறையில் மிக்ஸ் செய்பவரை எடுத்துக்கொள்வோம். ஒலியின் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், அந்த அகலத்தில் ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலை உருவாகும். பேஸ் கிதாரின் 'ஏ' கம்பியைத் திறந்து மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். சுவர் ஓரத்தில் அந்தச் சுரம் குமுறும், அறையின் நடுவில் காணாமல் போகும். நம் ஆள் நாற்காலியைப் போட்டிருப்பது நடுவில்தான். பேஸ் போதவில்லையே என்று ஏற்றிக்கொண்டே போவார். மறுநாள் நண்பரின் காரில் போட்டால் கதவெல்லாம் அதிரும், பாடகர் என்ன சொல்கிறார் என்றே புரியாது. அறையைச் சீர்செய்து, அதே அறையில் பல ஆண்டு உட்கார்ந்து பழகிய ஒருவரின் காது இந்த ஏமாற்றத்துக்குச் சுலபத்தில் உள்ளாகாது. காசு கொடுப்பதில் பாதி அந்த அறைக்கு.

கிதார் விஷயமும் அப்படித்தான். டிஸ்டார்ஷன் போட்ட கிதார்கள் நடு அலைவரிசை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். குரலில் சொல் புரிவதற்கு முக்கியமான 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியும் அதற்குள்ளேயே வருகிறது. அனுபவமற்றவர் குரலை ஏற்றுவார். தேர்ந்தவர் கிதாரில் அந்த இடத்தில் மட்டும் சின்னக் குழி வெட்டிக் குரலை உட்கார வைப்பார். குழுவின் கிதார் கலைஞரிடம் மிக்ஸிங்கைக் கொடுத்தால் அந்தக் குழியை வெட்ட அவருக்கு மனசு வராது.

இனி மறுபக்கம். பேர்ல் ஜாம் குழுவின் 'டென்' 1991-இல் சியாட்டிலில் பதிவானது. மிக்ஸிங்குக்காக அது கடல் தாண்டி இங்கிலாந்தின் டார்க்கிங் ஊருக்குப் பக்கத்தில், பண்ணை வீடொன்றை மாற்றிக் கட்டிய ரிட்ஜ் ஃபார்ம் ஸ்டூடியோவுக்குப் போனது. செய்தவர் டிம் பால்மர். டேவிட் போவியின் டின் மெஷின் ஆல்பத்தில் பங்கெடுத்த, 1980-களின் பிரிட்டிஷ் ராக்கில் ஊறிய கை. எதிரொலிப்பைத் தரும் ரெவெர்ப் தாராளமாக வந்து சேர்ந்தது. ஆல்பம் பிரமாதமாக விற்றது, ஆனால் குழுவினருக்கே அந்த எதிரொலிப்பு உறுத்திக்கொண்டே இருந்தது. 2009-இல் பிரெண்டன் ஓ'பிரையன் ரெவெர்பைக் குறைத்து மறுபடி மிக்ஸ் செய்தார். எனக்கு 'பிளாக்' பழைய மிக்ஸில்தான் நெஞ்சை அறுக்கிறது. 'ஒன்ஸ்', 'போர்ச்' இரண்டும் புதியதில்தான் உயிரோடு இருக்கின்றன. வெளியாள் தன் பழக்கத்தையும் பெட்டியில் வைத்துத்தான் எடுத்து வருகிறார். அந்தப் பழக்கம் சில பாட்டுக்குப் பொருந்தும், சிலதுக்குப் பொருந்தாது. ஆல்பம் முழுவதையும் ஒரே கையில் ஒரே மூச்சில் கொடுப்பதில் உள்ள ஆபத்து இது.

இந்த ஆபத்தை எப்படிக் கையாளலாம் என்பதற்கு அதே நிர்வாணாவின் 'இன் யூட்டரோ' ஆல்பம் எனக்குப் பிடித்த உதாரணம். 1993 பிப்ரவரியில் மினசோட்டாவின் பேக்கிடெர்ம் ஸ்டூடியோவில் ஸ்டீவ் அல்பினி பதிவும் மிக்ஸிங்கும் சேர்த்தே முடித்தார். அறையில் ஒலித்தது அப்படியே தட்டில் வர வேண்டும் என்ற கொள்கைக்காரர். விற்பனையில் பங்கு வாங்குவது அநியாயம் என்று கருதி, 1,00,000 டாலர் மொத்தக் கூலியோடு நிறுத்திக்கொண்டார். பிறகு நிறுவனம் முனகியது. குழுவுக்கும் பேஸும் குரலும் தணிந்திருப்பதாகப் பட்டது. உடனே ஆல்பத்தைத் தூக்கி வேறொருவரிடம் கொடுத்துவிடவில்லை. 'ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்', 'ஆல் அபாலஜீஸ்' இரண்டை மட்டும், முன்பு பட்டியலில் தாண்டிப் போன அதே ஸ்காட் லிட்டிடம் கொடுத்தார்கள். மற்றவை அல்பினியின் முரட்டுத்தனத்தோடு வெளிவந்தன. எது உறுத்துகிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் இன்னொருவர் கையில் வைத்தார்கள். அல்பினிக்கு இது பிடிக்கவில்லை. கேட்கிற எனக்கு ஆல்பம் துண்டுபட்டதாகத் தோன்றவில்லை.

இன்றைய இணையச் சந்தையில் இந்த நிதானத்துக்கு இடம் குறைவு. ஒரு பாட்டுக்கு இவ்வளவு, இரண்டு தடவை திருத்தம் இலவசம், அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் தனிக்கட்டணம் என்று பேரம் முடிகிறது. பொறியாளரைக் குறைசொல்ல மாட்டேன், அவருக்கும் வாடகை இருக்கிறது. ஆனால் நிலையான கூலிக்கு வேலை செய்கிறவர் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் பார்ப்பார். சென்ற வாரப் பாட்டின் அமைப்புகளைத் திறந்து, உங்கள் ட்ராக்குகளை அதில் இறக்கி, ஸ்னேருக்குப் பதிலாகத் தன்னிடமுள்ள தயார் ஒலியை ஒட்டினால் பாதி வேலை தீர்ந்தது. கேட்பதற்கு ஒரு குறையும் இருக்காது, யாருடைய குழு என்றும் தெரியாது. தாளம் இம்மி பிசகுவதும், குரல் கீறுவதும், ஆம்ப்ளிஃபையர் இரைவதும் பாப் பாட்டில் பிழை. இண்டியில் பல நேரம் அவற்றுக்காகத்தான் அந்த டேக்கையே வைத்திருக்கிறோம். வெளியாளுக்கு அதை யாரும் சொல்லாவிட்டால் துடைத்து எறிந்துவிடுவார், அதுவும் நல்லெண்ணத்தோடு.

தமிழில் பாடும் இண்டி குழுக்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. திரைப்பாடல் மிக்ஸிங்கில் குரல் எல்லாவற்றுக்கும் மேலே தனித்து நிற்கும், வரி ஒன்றுகூட நழுவக் கூடாது. அந்தப் பயிற்சியில் வந்தவர் ராக் பாட்டை எடுத்தால் கிதார்கள் பின்பாட்டாகிவிடும். தமிழ் தெரியாத வெளிநாட்டுப் பொறியாளரிடம் போனாலோ குரல் இன்னொரு வாத்தியமாகி, கிதாருக்குள் சொல் அமுங்கிவிடும். முதலாமவரிடம் குரலை இறக்கச் சொல்லவும், இரண்டாமவரிடம் எந்த வரி கட்டாயம் புரிய வேண்டும் என்று குறித்துக் கொடுக்கவும் குழு தயாராக இருக்க வேண்டும். வரிகளை ரோமன் எழுத்தில், நேரக் குறிப்போடு, பொருளையும் சேர்த்து அனுப்பினால் நிச்சயம் பலன் உண்டு.

நானாக இருந்தால், யாரையும் அமர்த்தும் முன் குழுவே கரடுமுரடாக ஒரு மிக்ஸ் செய்து பார்க்கச் சொல்வேன். அது மோசமாக இருக்கட்டும். செய்து பார்த்த பிறகு, 'குரலுக்கு ரெவெர்ப் வேண்டாம். இரண்டாவது சரணத்தில் கிதார் பிசிறடிப்பதைத் தொடாதீர்கள். கடைசிப் பல்லவியில் டிரம்ஸ் முந்திக்கொண்டு வரட்டும்' என்று நாலு வரி எழுத வரும். அந்த நாலு வரியும் கரடு மிக்ஸும் பொறியாளரிடம் போக வேண்டும். பெரிய குழுவின் பாட்டைக் காட்டி 'இது மாதிரி' என்பதைவிட இது பயன்தரும். முதலில் ஒரே ஒரு பாட்டு, அதுவும் குழுவிடம் உள்ளதிலேயே சிடுக்கான பாட்டு போகட்டும். எளிய பாட்டை யாரிடம் கொடுத்தாலும் நன்றாகத்தான் வரும்.

திருத்தக் குறிப்பு ஒருவர் வழியாகப் போகட்டும். நால்வரும் தனித்தனியே எழுதினால், பாடகர் குரலை ஏற்றச் சொல்வார், டிரம்மர் கிக்கை ஏற்றச் சொல்வார், கிதார்காரர் தன் சோலோவை. எல்லாவற்றையும் ஏற்றினால் எல்லாம் பழைய இடத்திலேயே நிற்கும், இலவசத் திருத்தம் இரண்டும் தீர்ந்திருக்கும். ஆல்பம் சத்தமாக இல்லை என்ற புகாரை, மிக்ஸிங்குக்குப் பிறகு நடக்கும் மாஸ்டரிங் வரை ஒத்திப்போடலாம். ஸ்பாட்டிஃபை இயல்பாகவே பாடல்களை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்செய்து ஒலிபரப்புகிறது. நசுக்கி ஏற்றிய சத்தம் அங்கே இறங்கிவிடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

பணம் கைமாறும் முன் எழுத்தில் வாங்க வேண்டிய உறுதி ஒன்று உண்டு, அதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். 'டெட் மேன்ஸ் பாப்'பும் 'டென்'னின் மறுமிக்ஸும் சாத்தியமானது மூல டேப்புகள் தப்பிப் பிழைத்ததால். 1985-இல் வந்த தி ரிப்ளேஸ்மெண்ட்ஸின் 'டிம்' ஆல்பத்தை 2023-இல் எட் ஸ்டாசியம் மறுபடி மிக்ஸ் செய்து, கேட்டவர்கள் வாயடைத்து நின்றதும் அதனால்தான். இன்று மிக்ஸ் செய்த ப்ராஜெக்ட் ஒரு தனியாளின் கணினியில், அவர் வாங்கிய ப்ளக்-இன்களோடு பிணைந்து கிடக்கிறது. சில ஆண்டுகளில் அந்தக் கணினியே இருக்காது. இறுதி மிக்ஸோடு, குரல் இல்லாத வடிவமும், டிரம்ஸ், பேஸ், கிதார், குரல் எனப் பிரித்த ஸ்டெம்களும், பதிவு செய்த தரத்திலேயே, 24 பிட்டில், பாட்டின் முதல் நொடியிலிருந்து தொடங்கும்படி குழுவின் கைக்கு வந்துசேர்ந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.